விட்ட வகுப்பின் கணக்கு: கார்கிவிலிருந்து திரும்பிய ஒரு மருத்துவ மாணவி

2025 டிசம்பரில் ஒரு காலை. எங்கள் ஆண்கள் வார்டில், முந்தின இரவு மூச்சிரைப்போடு சேர்ந்த பெரியவரின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்த புது ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்), “திஷீத்தே… நி திஷீத்தே” என்றார். பெரியவர் கழுத்தைத் திருப்பி, “என்ன பாப்பா சொல்ற?” என்று கேட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்துவிட்டார்கள். “மூச்ச இழுத்து விடுங்க தாத்தா” என்று அவசரமாக மாற்றிக்கொண்டார் அந்தப் பெண். முதலில் அவர் வாயில் வந்தது ரஷ்யன். மூச்சு விடுங்கள், இப்போது விடாதீர்கள் என்று அர்த்தம்.

இத்தனைக்கும் அவர் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர். வீட்டில் தமிழ், பிளஸ் டூ வரை பள்ளிக்கூடமும் அங்கேதான். ஆனால் நோயாளியைத் தொட்டுக் கேள்வி கேட்கப் பழகியது உக்ரைனின் கார்கிவ் நகரத்தில், ரஷ்ய மொழியில். அதன் பிறகு ஜார்ஜியத் தலைநகர் திபிலீசியில், அந்த ஊர் மொழியில். “எங்க வலிக்குது?” என்று தமிழில், மருத்துவராக நின்று, முதன்முதலில் கேட்டது இருபத்தைந்தாவது வயதில் எங்கள் வார்டில்.

இதை எழுத அவரிடம் கேட்டு அனுமதி வாங்கினேன். பெயர் போடக் கூடாது என்றார். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுப்பவள் என்பதால் நோயாளிகளின் கேஸ் எழுதிப் பழகிய கை இது. இந்த கேஸில் நோய் ஒன்றும் இல்லை. 2022 மார்ச்சில் விமானத்தில் வந்து இறங்கிய ஒருவர் உண்மையில் எப்போது ஊர் திரும்பினார் என்பதைத்தான் பார்க்க நினைத்தேன். அவர் கணக்குப்படி இன்னும் முழுசாகத் திரும்பவில்லை.

போனது

2018இல் நீட் எழுதினார். பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு அந்த ஆண்டு தகுதி மதிப்பெண் 720க்கு 96. அவர் எடுத்தது இருநூறுக்கு மேல். தகுதி உண்டு, அரசு இடம் இல்லை. தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு என்றால் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல். அப்பா அரிசி ஆலையில் கணக்கு எழுதுபவர், அம்மா அங்கன்வாடி ஊழியர். வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போகிறவர்களும் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்ததும் அந்த ஆண்டுதான். அதனால் அந்த 96ஐத் தாண்டியவர்களின் வீட்டுக்கெல்லாம் கன்சல்டன்சிக்காரர்களின் போன் வந்தது. இவர்கள் வீட்டுக்கும் வந்தது.

ஆண்டுக்கு 4,000 டாலர் கட்டணம். ஆறு ஆண்டுப் படிப்பு. அப்போது ஒரு டாலர் எழுபது ரூபாய்க்கு முன்பின். ஏழரை லட்சம் வரை அடமானம் இல்லாமல் கல்விக் கடன் கிடைக்கும், அதை வாங்கினார்கள். மீதிக்கு அம்மாவின் நகையும் தாத்தா வழியில் வந்த அரை ஏக்கரும்.

கார்கிவ் உக்ரைனின் இரண்டாவது பெரிய நகரம். ரஷ்ய எல்லையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். பாடம் ஆங்கிலத்தில், ஊர் பேசுவது பெரும்பாலும் ரஷ்யன். முதல் ஆண்டிலேயே ரஷ்யன் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். மூன்றாம் ஆண்டில் வார்டுக்குப் போகும்போது “க்தே பலீத்?” என்று கேட்க வேண்டுமே. எங்கே வலிக்கிறது என்பதுதான் அது. மதிப்பெண்ணைப் பேராசிரியர் கையால் எழுதிக் கையெழுத்துப் போடும் சின்னப் புத்தகம் ஒன்று உண்டு, ஸச்சோத்கா. அந்த ஊரில் படித்த எல்லோருக்கும் நினைவில் நிற்கும் இன்னொரு சொல் ஒத்ரபோத்கா. விட்ட வகுப்பை ஈடுகட்டுவது என்று பொருள். காய்ச்சலோ, பஸ் தாமதமோ, காரணம் எதுவானாலும் ஒரு செய்முறை வகுப்பைத் தவறவிட்டால் இன்னொரு நாள் மாலை போய் அந்தப் பேராசிரியர் முன் உட்கார்ந்து, அந்தப் பாடத்தை ஒப்பித்து, கையெழுத்து வாங்கி வர வேண்டும். அது பாக்கி இருந்தால் தேர்வெழுத விடமாட்டார்கள். “மூணு ஒத்ரபோத்கா சேர்ந்துட்டா ராத்திரி தூக்கம் வராது மேடம்” என்றார். இந்தச் சொல் பின்னால் வேறு விதமாகத் திரும்பி வரும்.

பதினோரு கிலோமீட்டர்

2022 பிப்ரவரி 24 விடியற்காலை ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. நான்காம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து ஆறு நாள் விடுதியின் அடித்தளத்திலும் பக்கத்து மெட்ரோ நிலையத்திலுமாக இருந்தார்கள். மார்ச் 1ஆம் தேதி கார்கிவில் கடைக்குப் போய் வரிசையில் நின்ற கர்நாடக மாணவர் ஒருவர் தாக்குதலில் இறந்தார். அன்று காலைதான் நகரின் பெரிய சதுக்கத்திலிருந்த நிர்வாகக் கட்டடத்தில் ஏவுகணை விழுந்தது.

மறுநாள் பிற்பகல் இந்தியத் தூதரகத்தின் அறிவிப்பு வந்தது. கார்கிவில் இருக்கும் இந்தியர்கள் உடனே வெளியேற வேண்டும், வண்டி கிடைக்காதவர்கள் நடந்தாவது பெசோச்சின், பாபாயே, பெஸ்லுதோவ்கா என்ற மூன்று ஊர்களில் ஒன்றுக்குப் போக வேண்டும், உக்ரைன் நேரம் மாலை ஆறு மணிக்குள். மிக அருகில் இருந்தது பெசோச்சின், 11 கிலோமீட்டர். அறிவிப்பைப் பார்த்தபோது இவர் ரயில் நிலையத்தில் இருந்தார். நான்கு ரயில் போய்விட்டது, ஏற முடியவில்லை. ஐந்து பேராகச் சேர்ந்து நடந்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நால்வர், கேரளத்துப் பெண் ஒருவர்.

அந்த நடையைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. நானும் துருவவில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தானாகச் சொன்னார். பையில் இடமில்லாததால் ஸ்வெட்டரை எடுப்பதா, ஸச்சோத்காவை எடுப்பதா என்று யோசித்து ஸச்சோத்காவை எடுத்திருக்கிறார். “நாலு வருஷத்துக் கையெழுத்து மேடம். அது இல்லனா நான் படிச்சதுக்கு என்ன சாட்சி?” உறைபனியில் ஸ்வெட்டரை விட்டுவிட்டுக் கையெழுத்துகளை எடுத்துக்கொண்டு நடந்த அந்த முடிவு சரிதான் என்று அடுத்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு மேசையும் அவருக்குக் காட்டியது.

பெசோச்சினில் இரண்டு நாள், பிறகு பஸ், மேற்கு எல்லை, ருமேனியா, விமானம், டெல்லியில் தமிழ்நாடு இல்லம், சென்னை. ‘ஆபரேஷன் கங்கா’ என்ற பெயரில் பிப்ரவரி 26 தொடங்கி இரண்டு வாரத்தில் 90 விமானங்கள். பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மொத்தம் ஏறத்தாழ 22,500 இந்தியர்கள் உக்ரைனிலிருந்து வந்து சேர்ந்தார்கள், பெரும்பாலோர் மருத்துவ மாணவர்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மட்டும் 1,900 பேர் அளவில். பயணச் செலவை மாநில அரசு ஏற்றது. கடைசியாக வந்தவர்களை முதலமைச்சரே சென்னை விமான நிலையத்துக்கு வந்து வரவேற்றார். உயிரைக் காப்பாற்றிக் கொண்டுவரும் வேலையை இந்த நாடு அன்று நன்றாகச் செய்தது. அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

சங்கு

வந்த பிறகு பத்து மாதம் வீட்டில். அவர் கதையில் மிகக் கடினமான காலம் போர்க்களத்தில் இருந்த அந்த ஆறு நாள் அல்ல, இந்தப் பத்து மாதம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவரும் மறுக்கவில்லை.

முதல் வாரம் ஊரே வந்து பார்த்தது. மாலை போட்டார்கள். உள்ளூர் நிருபர் வந்து படம் எடுத்தார். எல்லோரும் சொன்னது ஒன்றையே: “உசுரோட வந்தியே, அதுவே போதும்.” அன்பாகச் சொன்னதுதான். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பிறகு எந்தக் குறையும் சொல்ல முடியாது. படிப்பு என்ன ஆகும் என்று கவலைப்பட்டால் நன்றி கெட்டவள் மாதிரி இருக்கும். விடுதி அறையில் விட்டுவந்த பூந்தொட்டியை நினைத்து அழுதால் பைத்தியம் மாதிரி இருக்கும். ஒரு மாதத்தில் அந்த வாக்கியம் தேய்ந்து “எப்ப டாக்டர் ஆவ?” என்று மாறியது. ஆறாவது மாதத்தில் ஜாதகம் கேட்டு ஆள் வந்தார்கள்.

ஊரில் நகராட்சிச் சங்கு உண்டு. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். சங்கு ஊதினால் வீட்டில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், இவர் செருப்பைத் தேடுவார். அடித்தளத்துக்கு ஓட. அம்மா இதைக் கவனித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் செருப்பை வாசலிலிருந்து எடுத்துக் கட்டிலடியில் வைத்துவிட்டார். இதை என்னிடம் சொன்னபோதுதான் அவர் குரல் முதல்முறையாக மாறியது.

சில வாரங்களில் ஆன்லைன் வகுப்பு தொடங்கியது. கோடைகாலத்தில் கார்கிவ் நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால், குளிர்காலத்தில் மூன்றரை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே முதல் வகுப்பு. நரம்பியல் பேராசிரியர் தன் வீட்டுச் சமையலறையிலிருந்து நடத்துவார். சைரன் கேட்டால் “பத்து நிமிஷம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போவார், திரும்பி வந்து விட்ட வரியிலிருந்து தொடருவார். 2022 அக்டோபர் 10 முதல் ரஷ்யா மின்நிலையங்களைத் தாக்கத் தொடங்கியதும் திரை அடிக்கடி கறுப்பானது. ஒருநாள் மெழுகுவர்த்தியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பார்கின்சன் நோயாளியின் நடையை அந்த அம்மாள் நடந்து காட்டியிருக்கிறார். இந்தப் பக்கம் இவர் வீட்டில் பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்காமலிருக்க மைக்கை மூடிவைத்துக்கொண்டு குறிப்பெடுத்தார். “படிச்சேன் மேடம், நல்லாவே படிச்சேன். ஆனா ஒரு வருஷம் ஒரு நோயாளியக்கூடத் தொடல.”

இதற்கிடையே டெல்லியில் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. கொரோனாவால் சீனாவிலிருந்து திரும்பி, ஆன்லைனில் படிப்பை முடித்தவர்கள் தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேலே போன வழக்கில், 2022 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம், இப்படிப் பாதியில் திரும்பியவர்களுக்கு மருத்துவமனைப் பயிற்சி கொடுக்க இரண்டு மாதத்தில் ஒரு திட்டம் வகுக்கும்படி தேசிய மருத்துவ ஆணையத்திடம் சொன்னது. ஜூலை இறுதியில் திட்டம் வந்தது. இறுதியாண்டில் இருந்து, ஜூன் 30க்குள் பட்டச் சான்றிதழ் பெற்றுவிட்டவர்களுக்கு மட்டும். இவர் நான்காம் ஆண்டு. செப்டம்பர் 6 அன்று, உக்ரைன் பல்கலைக்கழக மாணவர்கள் வேறு நாட்டில் போய்ப் படிப்பைத் தொடரலாம், பட்டத்தைத் தாய்ப் பல்கலைக்கழகமே கொடுக்கும் என்ற ஏற்பாட்டுக்கு ஆணையம் சம்மதித்தது. அடுத்த வாரமே, இந்தியக் கல்லூரிகளில் இவர்களைச் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. நீட்டில் மதிப்பெண் குறைவு, அல்லது செலவு குறைவு, இந்த இரண்டு காரணத்துக்காகத்தான் இவர்கள் வெளிநாடு போனார்கள் என்றும் அந்த மனுவில் இருந்தது.

அப்பா செய்தியில் அதைக் கேட்டுவிட்டு டிவியை அணைத்திருக்கிறார். மகள் சொன்னது வேறு: “ரெண்டுமே உண்மைதான் மேடம். அத ஏன் குத்தம் மாதிரி சொல்றாங்கன்னுதான் புரியல.”

மூன்றாவது ஊர்

நடந்த ஐந்து பேரும் இங்கே ஐந்து பக்கமாகப் பிரிந்தார்கள். இருவர் போலந்து வழியாக மேற்கு உக்ரைனுக்கே திரும்பிப் போனார்கள், வெவ்வேறு ஊருக்கு. சைரன் இருந்தாலும் படிப்பு முடியும் என்ற கணக்கு. ஒருவர் உஸ்பெகிஸ்தான். ஒருவர் படிப்பை விட்டுவிட்டு மாமாவின் மெடிக்கல் ஷாப்பில் உட்கார்ந்தார், இன்றும் அங்கேதான். இவர் 2023 பிப்ரவரியில் திபிலீசிக்குப் போனார்.

போன அடுத்த மாதமே, மார்ச் 28 அன்று, இன்னொரு கதவு திறந்தது. திரும்பிவந்த மாணவர்கள் எந்தக் கல்லூரியிலும் சேராமலே இந்திய எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வின் இரண்டு பகுதிகளையும் எழுதலாம், ஒரே ஒரு வாய்ப்பு, தேறினால் இரண்டு ஆண்டு ஹவுஸ் சர்ஜன்சி. வகுப்பில்லாமல், வார்டில்லாமல், வேறொரு பாடத்திட்டத்தின் இறுதித் தேர்வு. திபிலீசிக்குக் கட்டிய பணம் கையைக் கட்டிப்போட்டது. இவர் அங்கேயே இருந்துவிட்டார். நான் ஆசிரியராகச் சொல்வதானால், அவர் எடுத்தது நல்ல முடிவு.

திபிலீசியில் வீட்டு வாடகை அவர்கள் போட்ட கணக்கைப்போல இரண்டு மடங்கு. போர் தொடங்கியதும் ரஷ்யாவிலிருந்து கிளம்பிவந்து குடியேறியவர்களால் அந்த நகரத்தில் வாடகை ஏறிக் கிடந்தது. ஒரு போரின் இந்தப் பக்கத்திலிருந்து ஓடியவர், அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்தவர்களால் ஏறிய வாடகையைக் கட்டினார். டாலரும் எண்பதைத் தாண்டியிருந்தது. அரை ஏக்கர் அந்த ஆண்டு கைமாறியது.

வார்டில் மறுபடி ஒரு மொழி. “சாத் க்ட்கிவாத்?” எங்கே வலிக்கிறது, மூன்றாம் முறை. வயதான ஜார்ஜியர்களுக்கு ரஷ்யன் தெரியும், ஆனால் ரஷ்யனில் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்களும் உண்டு. 2008இல் அவர்களும் ரஷ்யாவோடு போர் பார்த்தவர்கள். கார்கிவில் கற்றுக்கொண்டது என்று சேர்த்துச் சொன்னால் சமாதானமாகிப் பதில் சொல்வார்களாம். அங்கே ஒன்றரை ஆண்டு. 2024 கோடையில் படிப்பு முடிந்தது.

300 கேள்வி, ஒரு கோப்பு

வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே பதிவு பெற எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வு. ஆண்டுக்கு இரண்டு முறை, ஒரே நாளில் 300 கேள்வி, 150 எடுத்தால் தேர்ச்சி. கேட்க எளிதாக இருக்கும். 2023 ஜூன் சுற்றில் பத்தில் ஒருவர்தான் தேறினார்.

பிள்ளைகள் மக்கு என்பதல்ல காரணம். எங்கள் கல்லூரியில் மதிப்பாகப் படித்து வெளியே வந்தவர்களை உட்காரவைத்து உக்ரைனின் தேர்வை எழுதச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறேன். இதயமும் நுரையீரலும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆனால் 300இல் 30 கேள்வி சமூக மருத்துவம். நம் தடுப்பூசி அட்டவணை, நம் காசநோய்த் திட்டம், நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எத்தனை மக்கள்தொகை. இதெல்லாம் கார்கிவில் யாரும் சொல்லித்தரப் போவதில்லை. தடயவியலில் இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்து முடித்த நேரத்தில், 2024 ஜூலை 1 முதல் சட்டமே மாறி எண்களெல்லாம் மாறிவிட்டன. “அந்த மாசம் நோட்ட தூக்கிப் போட்டேன் மேடம்” என்று சிரித்தார்.

2025 ஜனவரியில் நடந்த தேர்வில் 141. ஒன்பது மதிப்பெண் குறைவு. அந்த ஒன்பதுக்கு ஆறு மாதம். அடுத்த தேர்வு ஜூலை 26. கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதன்மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பது வழக்கமான ஏற்பாடு. அந்த ஓராண்டு முடிந்து முதல் தவணை விழுந்தது அதே ஜூலையில். வட்டியும் ஏறியிருந்ததால் மாதம் பதினான்காயிரத்துச் சொச்சம். போரோ கொரோனாவோ வங்கியின் அந்தத் தேதியை ஒரு நாள்கூடத் தள்ளிவைக்கவில்லை. ஜூலைத் தேர்வில் 163 எடுத்துத் தேறினார். அந்த முறை எழுதியவர்களில் தேறியது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே.

அப்புறம்தான் கோப்பு. ஆன்லைனில் போன காலத்தை நேரடி வகுப்பால் ஈடுகட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஹவுஸ் சர்ஜன்சி ஓராண்டுக்குப் பதில் கூடுதல் காலம் என்ற வகையில் ஆணையம் 2023 டிசம்பரிலும் 2024 ஜூனிலும் அறிவிப்புகள் வெளியிட்டிருந்தது. இவர் கோப்பில் ஆன்லைன் மாதங்கள் இரண்டு இடத்தில் இருந்தன, 2020 கொரோனாவில் சில மாதம், 2022இல் போரில் பத்து மாதம். ஈடுகட்டியதற்குச் சான்று கேட்டார்கள். பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வரும், உக்ரைன் மொழியில், வட்ட முத்திரையோடு. அதை மொழிபெயர்த்து, வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரை வாங்கி, கொண்டுபோய்க் கொடுத்தால் “தேதி வாரியாக இல்லையே” என்று திருப்பினார்கள். தேதி வாரியாக வாங்கி வந்தால் “எத்தனை மணி நேரம்?” என்றார்கள். மூன்றாம் முறை, ஸ்வெட்டருக்குப் பதில் பையில் வைத்த ஸச்சோத்காவைக் கொண்டுபோயிருக்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது என்னம்மா, ரேஷன் கார்டு மாதிரி?” என்றாராம்.

கடைசியில் இரண்டு ஆண்டு ஹவுஸ் சர்ஜன்சி என்று முடிவானது. இந்தச் செய்தியைச் சக தோழிக்கு வாட்ஸப்பில் அவர் அனுப்பியது ஒரே ஒரு சொல்: ஒத்ரபோத்கா.

விதியைக் குறை சொல்வது எளிது. ஒரு வருடம் நோயாளியையே தொடாதவர் கையில் என் அம்மாவை ஒப்படைப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டால், கூடுதல் பயிற்சி வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். என் மனத்தாங்கல் வேறு. 2022 கோடையில் இந்தப் பிள்ளை வீட்டில் சும்மா இருந்தபோது, அவர் வீட்டிலிருந்து நாற்பது நிமிஷ பஸ் தூரத்தில் ஓர் அரசு மருத்துவமனை இருந்தது. அங்கே வாரம் மூன்று நாள் வந்து நிற்கட்டும் என்று யாராவது எழுத்தில் சொல்லியிருந்தால் போதும். இவரே கேட்டுப் போயிருக்கிறார், உத்தரவு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அன்று கதவில் நிறுத்திவிட்டு, மூன்று ஆண்டு கழித்து “அந்த மாதங்களில் வார்டுக்குப் போனாயா?” என்று கேட்டால் அந்தப் பெண் என்ன சொல்லும்?

வார்டில்

எங்களிடம் வந்த முதல் நாள் நானும் கேட்டது அதே மாதிரிக் கேள்விதான். “என்னென்ன செஞ்சதில்ல?” வெளிநாட்டில் படித்தவர்களை எல்லோரும் இப்படித்தான் வரவேற்கிறோம். அவர் மறைக்காமல் பட்டியல் போட்டார். கை நரம்பில் மருந்தேற்றும் ஊசிக்குழாய், வென்ஃப்ளான், போட்டதில்லை. மூக்கு வழியாக இரைப்பைக்கு ரைல்ஸ் ட்யூப் விட்டதில்லை. பிரசவம் தூர நின்று பார்த்ததோடு சரி. அங்கே அதையெல்லாம் செய்வது நர்ஸுகள், மாணவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள், அதிலும் மொழி தெரியாத வெளிநாட்டு மாணவர்கள் இரண்டாம் வரிசையில்.

முதல் வாரம் ஒரு கை நரம்புக்கு நான்கு குத்து. எங்கள் சிஸ்டர் ஒருவர் பொறுமையாக, தன் மகளுக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் வாரம் பழகிவிட்டது. கை வேலை அப்படித்தான், செய்தால் வந்துவிடும்.

தமிழ்தான் அதைவிட நேரம் பிடித்தது. சர்க்கரை நோயாளி அம்மா ஒருவர் “பாதம் மதமதன்னு இருக்கு, மெத்தை மேல நடக்கிறாப்புல இருக்கு” என்றார். இவர் ‘கால் வீக்கம்’ என்று எழுதிவைத்திருந்தார். பெண்கள் பிரிவில் “தலைக்கு ஊத்தி எத்தனை நாளாச்சு?” என்று கேட்கத் தெரியாமல், புத்தகத் தமிழில் கடைசி மாதவிடாய்த் தேதி கேட்டிருக்கிறார், அந்தப் பெண் விழித்தாராம். கொடச்சல், இசிவு, நீர்க்கடுப்பு, பொறை ஏறுதல், அசதி. இதற்கெல்லாம் சின்ன நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். மூன்று பத்தி. முதல் பத்தியில் ரஷ்யன், நடுவில் ஜார்ஜியன், கடைசியில் நம் நோயாளிகள் சொன்ன சொல், சொன்னபடியே. ஜார்ஜியன் பத்தியில் நிறைய இடம் காலி. அந்த நோட்டை ஒரு நகல் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். எங்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்கே பாதி தெரியாது.

இனி, அவர் கொண்டுவந்தது. காசநோய் அங்கே தனித்துறை, மருந்துக்கு அடங்காத காசநோய் அதிகமுள்ள நாடுகளில் உக்ரைனும் ஒன்று. அந்த வார்டில் இருந்து பழகிய பெண் இவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் விதத்திலேயே தெரிந்தது. இன்னொன்று எனக்கே புதிது. வயிற்றைப் பரிசோதிக்க அவருக்கு ஒரு வரிசை உண்டு. இடது அடிவயிற்றில் தொடங்குவார். விரல்களை லேசாக மடக்கி, தோலைச் சற்று மேலே தள்ளி, நோயாளி மூச்சை வெளியே விடும்போது உள்ளே இறக்கி, குடலுக்குக் குறுக்கே நழுவவிடுவார். கீவ் நகரில் வாசில் ஒப்ரஸ்த்சோவ் என்ற மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வகுத்த முறை. மாரடைப்பை உயிரோடிருக்கும் நோயாளியிடம் கண்டு விவரித்து, தன் மாணவர் ஸ்த்ராஷெஸ்கோவோடு சேர்ந்து 1910இல் எழுதியவரும் அவர்தான். ஸ்கேன் இல்லாத காலத்து விரல் வித்தை. நாங்கள் பேர்கூடக் கேட்டதில்லை.

பிப்ரவரியில் எடை குறைந்து, விட்டுவிட்டு வயிற்றுவலி என்று ஒரு கட்டடத் தொழிலாளி சேர்ந்தார். முந்தின நாள் நான் அழுத்திப் பார்த்திருந்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. இவர் இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டு பார்த்துவிட்டு, “வலது பக்கம் கயிறு மாதிரி தடிப்பா உருளுது மேடம், நழுவ மாட்டேங்குது” என்றார். என் விரலைப் பிடித்து வைத்தும் காட்டினார். சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடம். ஸ்கேனில் தடிப்பு தெரிந்தது, சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்ததில் குடல் காசநோய். ஸ்கேன் எப்படியும் எடுத்திருப்போம், இதனால் ஓர் உயிர் பிழைத்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும், நூற்றைம்பது பேர் நிற்கும் புறநோயாளிப் பிரிவில் ஆளுக்கு இருபது நிமிஷம் பார்த்தால் வரிசை தெருவுக்குப் போய்விடும். அதற்காக அவரைக் கண்டித்தும் இருக்கிறேன்.

ஆனால் அவர் இதுவரை நிரப்பிய படிவங்களை வரிசையாக என் மேசையில் வைத்துப் பார்த்தேன். கல்விக் கடன், தடையின்மைச் சான்று, தகுதித் தேர்வு, பதிவு, ஹவுஸ் சர்ஜன்சி. ஒவ்வொன்றிலும் விட்டது எவ்வளவு என்று கேட்கக் கட்டம் இருக்கிறது. இந்த விரலுக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

போன வாரம் இரவுப் பணியில் எட்டிப் பார்த்தபோது, எங்கள் கல்லூரி ஹவுஸ் சர்ஜன் தம்பி ஒருவன் கட்டிலோரம் குனிந்து நிற்க, இவர் அவன் கையைப் பிடித்து இடது அடிவயிற்றில் நகர்த்திக்கொண்டிருந்தார். மாதம் முழுக்க இவருக்கு வென்ஃப்ளான் போட உதவியவன் அவன். “அக்கா, இத கேஸ் ஷீட்ல என்னன்னு எழுதறது?” என்று கேட்டான். அவர் ரஷ்யப் பெயரைச் சொன்னார், அவன் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

“தடவிப் பாத்தேன்னு எழுது” என்றார்.